லேசான வகை

பிப்ரவரி 11

சில்வண்டுக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் போனில் என் எண்ணுக்குப் போட்ட பூட்டை நீ இன்னும் எடுக்கவில்லை. போன வருடம் நான் உடம்பு சரியில்லாமல் இருந்தபோது விடிய விடிய உன்னைக் கூப்பிட்டு உயிரை வாங்கினேன். பூட்டினாய், நியாயம். அதற்கப்புறம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன், மாத்திரை சாப்பிட்டேன், ஒரு வருடமாக நேரத்துக்குத் தூங்கி நேரத்துக்கு எழுந்து வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். பூட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. ஆகவே தபால். இதை நீ நடுவில் துண்டிக்க முடியாது என்பது எனக்கு இன்னொரு சௌகரியம்.

செவ்வாய்க்கிழமை டிப்போவில் மருத்துவக் குழு முன்னால் நீ சொன்னதைப் பற்றித்தான் எழுதுகிறேன். எனக்கு மறுபடி பஸ் ஓட்டக் கொடுக்கலாமா என்று முடிவு செய்வதற்காகக் கூடப்பிறந்தவள் என்று உன்னைக் கூப்பிட்டார்கள். நீயும் ஊர்விட்டு ஊர் வந்தாய். உன்னைக் கதவருகில் பார்த்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்புறம் நீ வாயைத் திறந்தாய்.

"அவ மோசமா இருக்கும்போது பயமில்ல சார். நல்லா இருக்கும்போதுதான் பயம். சிரிச்சா பயம். பரபரன்னு வேலை செஞ்சா பயம். எப்ப கவுத்து விடும்னு சொல்லவே முடியாது."

ஒரு எழுத்துகூட நான் சேர்க்கவில்லை. டிப்போ டாக்டர் தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டார். ஜூனில் மறுபடி பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதுவரை நான் தொலைந்த பொருட்கள் அறையில்தான் உட்கார வேண்டும். பயணிகள் விட்டுவிட்டுப் போன குடைகள், ஒற்றைச் செருப்புகள், ஒரு பல்செட், இவற்றுக்கெல்லாம் நான் காவல். பதினோரு வருடம் ஸ்டீயரிங் பிடித்த கை இது.

நான் அங்கேயே மேசையைத் தட்டிக் கேட்டிருக்க வேண்டும். கேட்க முடியாது. மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் அது கோபம், எனக்கு வந்தால் அறிகுறி. என் குரல் கொஞ்சம் ஏறினாலே மேனேஜர், "மாத்திர போட்டீங்களா?" என்று கேட்கிறார். அதனால் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு, உன்னை வழியனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து தலையணையைக் குத்தினேன். இப்போது காகிதத்தில் கேட்கிறேன். ஏன் அப்படிச் சொன்னாய்?

அக்கா


பிப்ரவரி 20

அக்காவுக்கு,

ஏன் சொன்னேனா? பயமாக இருந்தது, சொன்னேன். பொய் சொல்லவா என்னைக் கூப்பிட்டார்கள்?

நீ மறந்திருப்பாய். எனக்கு மறக்கவில்லை. காலையில் ஆபீஸ் போகிறவர்கள் எல்லோரும் முகம் வாடிப்போய் இருக்கிறார்கள் என்று, பஸ் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு நிறுத்தத்திலும் நிற்காமல் ஊருக்கு வெளியே ஏரிக்கரைக்கு ஓட்டிப் போனாய். சிக்னல் எல்லாம் உனக்காகவே பச்சையாகிறது என்றாய். பின்னால் பெண்கள் கதறிக்கொண்டிருந்தார்கள், நீ பாடிக்கொண்டிருந்தாய். கடைசியில் ஒரு சுற்றுச்சுவர் நிறுத்தியது. யாருக்கும் அடிபடவில்லை என்பது உன் சாமர்த்தியம் இல்லை, அதிர்ஷ்டம்.

அன்றைக்கு நான் எங்கே இருந்தேன் தெரியுமா? ஹோட்டல் சலவைக்கூடத்தில், கல்யாண விருந்தினர் கூட்டம் காலி செய்த படுக்கை விரிப்புகள் மலை மாதிரி குவிந்து கிடக்க, தேய்க்கும் உருளை பழுதாகி நிற்க, மேற்பார்வைக்கு நான் ஒருத்தி. போட்டது போட்டபடி ஓடி வந்தேன். உனக்கு ஒன்று என்றதும் வீடே எழுந்து நின்றது. மாமா லீவு போட்டார். அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்தாள்.

எனக்கும் மூன்று முறை மனச்சோர்வு வந்திருக்கிறது. வாரக்கணக்கில் எழுந்து தலைவார முடியாமல் கிடந்திருக்கிறேன். அப்போது யார் லீவு போட்டார்கள்? நானேதான், முதுகுவலி என்று பொய் சொல்லி. அம்மா கட்டிலருகே வந்து சொன்னது இது ஒன்றுதான்: "அக்கா மாதிரி ஆகாம இருக்கியே, அதுவே போதும்." தெருமுனை கிளினிக் டாக்டர் மாத்திரை கொடுத்தார், அதைச் சாப்பிட்டுக்கொண்டு வேலை பார்க்கிறேன். குழு கூட்டி என்னை யாரும் விசாரிக்கவில்லை. நானும் யாரையும் கேள்வி கேட்டுக் கடிதம் எழுதவில்லை.

இப்படிக்கு,
உன் தங்கை


மார்ச் 3

சில்வண்டுக்கு,

ஏரிக்கரை எனக்கு மறக்கவில்லை. ஒவ்வொரு நாளும் நினைவு வருகிறது. அந்தப் பெண்களின் குரலும் வருகிறது. அதற்காகத்தான் ஒரு வேளைகூடத் தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறேன். அதை எடுத்து என் முகத்தில் எறிய வேண்டிய அவசியம் உனக்கு இல்லை.

முதுகுவலி பொய் என்று எனக்கு நீ சொல்லவே இல்லையே. அது போகட்டும். நான் வேறொன்று சொல்லப் போகிறேன், எரிந்து விழாமல் படி.

இந்த ஊரில் செவ்வாய்க்கிழமை தோறும் எங்கள் மாதிரி ஆட்கள் கூடிப் பேசுகிறோம். மனநல டாக்டரம்மா ஒருவர் வருவார். மனசு ஏறி இறங்கும் இந்த வியாதிக்குப் பைபோலார் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஊரில் எல்லோரையும் ஒரே வண்டியில் ஏற்றுகிறார்களே, அது எனக்கு ஆகவே ஆகாது. அங்கே வரும் கண்ணாடிக் கடைக்காரரைப் பார்த்தால் உனக்கு அவர் எங்கள் ஆள் என்றே தோன்றாது. கொஞ்ச நாள் லேசாக ஏறுவார், கொஞ்ச நாள் லேசாக இறங்குவார், வருடக்கணக்காக இப்படியே, இரண்டு பக்கமும் முழுதாகப் போகவே மாட்டார். அவருடைய மனைவி அதைக் குணம் என்று நினைத்துப் பத்து வருடம் சண்டை போட்டிருக்கிறாள். அதற்கு சைக்ளோதைமியா என்று பெயராம்.

என்னுடையது முதல் வகை. மேனியா என்கிற உச்சத்திலேயே ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும், தூக்கம் போய்விடும், இல்லாதது இருப்பதாகத் தோன்றும், ஆஸ்பத்திரியில்தான் போய் முடியும். வாழ்க்கையில் இரண்டு முறை வந்தது. நடுவில் உள்ள வருடங்களில் நான் எப்படி என்று உனக்கே தெரியும். ஒரு தட்டு கழுவ ஒரு மணி நேரம் எடுக்கிறாள் என்று என்னைத் திட்டியே நீ வளர்ந்தாய். பரபரவென்று நான் வேலை செய்து நீ எந்த ஜென்மத்தில் பார்த்தாய்?

இரண்டாம் வகை என்று ஒன்று இருக்கிறது. அதில் இந்த உச்சம் வராது. அதற்குக் கீழே ஒரு மேடு வரும், சில நாட்களோ வாரங்களோ. தூக்கம் குறையும், பேச்சு கூடும், வேலை பறக்கும், பார்க்கிறவர்கள் கெட்டிக்காரி என்பார்கள். பிறகு பள்ளம். அந்தப் பள்ளம் எங்களுடையதைவிட நீளமாகக்கூட இருக்கலாம். மேட்டைப் பற்றி யாரும் டாக்டரிடம் சொல்வதில்லை, சுகமாக இருப்பதை ஏன் சொல்ல வேண்டும்? அதனால் வெறும் மனச்சோர்வு என்றே வைத்தியம் நடக்கும்.

எனக்கு உடம்பு கெட்டதற்கு முந்தின வருடம் ஒரே வாரத்தில் சலவைக்கூடத்தையே புரட்டிப் போட்டாயே, நினைவிருக்கிறதா? மூச்சு விடாமல் பேசினாய். ஹோட்டல் சுவரில் உன் படத்தை மாட்டினார்கள். அடுத்த மாதம் முதுகுவலி.

சிரித்தால் பயம், வேகமாக வேலை செய்தால் பயம் என்று குழு முன்னால் சொன்னாயே. அந்த அறையில் நீ சொன்ன மாதிரி ஆள் ஒருத்திதான் இருந்தாள். அவள் நான் இல்லை.

அக்கா


மார்ச் 7

அக்காவுக்கு,

உன் பைத்தியத்தை என் தலையில் கட்டாதே.

நான் வேலை தெரிந்தவள். உழைத்து மேலே வந்தவள். என் கையில் நாற்பது பேர் வேலை பார்க்கிறார்கள். என் உழைப்புக்கும் நீ ஒரு வியாதிப் பெயர் கண்டுபிடித்துவிட்டாய். உனக்கு ஸ்டீயரிங் போன வயிற்றெரிச்சல், என்னையும் உன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டால்தான் அடங்கும் போலிருக்கிறது. ஜூன் மாதக் கூட்டத்துக்கு நான் வரப்போவதில்லை. இனிமேல் எழுதாதே.


மார்ச் 16

அக்கா, அக்கா, அக்கா,

போன கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. எனக்குக் கோபமே இல்லை, எங்கே போனது என்றே தெரியவில்லை, கழுவிவிட்டது மாதிரி இருக்கிறது. நீ சொன்னது எதுவும் எனக்கு இல்லை என்பதற்கு இப்போது நான் இருக்கிற இருப்பே சாட்சி. மாத்திரை அருமையாக வேலை செய்கிறது. டாக்டர் போன மாதம் அளவைக் கூட்டினார், இரண்டே வாரம், மூடியிருந்த ஜன்னலைத் திறந்த மாதிரி இருக்கிறது. இதுதான் அக்கா உண்மையான நான், இத்தனை வருடம் போர்வைக்கடியில் கிடந்தவள் யாரோ.

சலவைக்கூடத்தில் மாடிக்கு ஒரு நிறம் என்று துணி வண்டிகளுக்கெல்லாம் நானே பெயிண்ட் அடித்தேன், ஒரே ராத்திரியில். ஆட்கள் வந்து பார்த்துவிட்டு வாயடைத்து நின்றார்கள். ஒருத்தி மட்டும் முகத்தைச் சுளித்தாள், அவளைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டேன், மேலாளர் வந்து விலக்கினார், அவரையும் விடவில்லை. டிரைவர் தாமதமாக வருகிறான் என்று விடிவதற்குள் துணி ஏற்றும் வேனை நானே எடுத்துக்கொண்டு போகிறேன். காலிச் சாலை, என்ன ஓட்டம் ஓடுகிறது தெரியுமா, பஸ்ஸை நீ ஏன் காதலித்தாய் என்று இப்போதுதான் புரிகிறது. தூக்கம் வருவதில்லை, தேவையும் படவில்லை. நாம் இரண்டு பேரும் சேர்ந்து சொந்தமாகச் சலவைக்கூடம் போடுகிறோம், இயந்திரங்களுக்குச் சொல்லிவிட்டேன், முன்பணமும் கட்டிவிட்டேன், நீ அந்தக் குடைகளைத் தூக்கி எறிந்துவிட்டு வா.

இன்னொன்று. நேற்று உங்கள் மேனேஜரைப் போனில் கூப்பிட்டு உன்னைப் பற்றி நல்ல விதமாகப் பேசினேன். ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். மனிதர் பாதியிலேயே வைத்துவிட்டார், பண்பில்லாதவர். மறுபடி கூப்பிட்டேன்.

உன் தங்கச்சி, உன் உயிர், உன் சில்வண்டு


மார்ச் 20

சில்வண்டு,

மேனேஜர் என் அறைக்கு வந்து, ஒரு குடையை எடுத்து விரித்துப் பார்த்தபடி, "உங்க தங்கச்சிக்கும் இருக்கா?" என்று கேட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. கொதித்ததைக் காட்டாமல், "அவகிட்டதான் கேக்கணும்" என்றேன். அவர் கேட்ட விதம் அசிங்கம். கேட்ட கேள்வியில் தப்பில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

நான் டாக்டர் இல்லை. நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம். ஆனால் உன் கடிதத்தை எடுத்து நீயே இன்னொருத்தி எழுதியதாக நினைத்துப் படித்துப் பார். வேன் சாவியை வாங்கி வைக்கும்படி அம்மாவிடம் சொல். நாளைக்கே டாக்டரிடம் போ. மாத்திரையை நீயாக நிறுத்தாதே, அதுவும் ஆபத்து. அழுத நாட்களை மட்டும் சொல்லாமல், பெயிண்ட் அடித்த ராத்திரியையும் சொல். தூக்கம் வேண்டாம் என்று தோன்றுவதைச் சொல். மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் எங்களில் சிலரை அது மேலே தூக்கிவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். எனக்கு வேறு பேச்சு வரவில்லை. போ.

அக்கா


ஏப்ரல் 29

அக்கா,

எழுத வேண்டும் என்று பல நாளாக நினைக்கிறேன். கை வரவில்லை.

டாக்டரிடம் போகவில்லை. நன்றாக இருந்தபோது தேவையில்லை என்று போகவில்லை. இப்போது எழ முடியவில்லை. வேலைக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. முதுகுவலி என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண்ணை எல்லோர் முன்னாலும் என்ன பேச்சுப் பேசினேன் என்று நினைத்தால் உடம்பு கூசுகிறது. முன்பணம் போயிற்று.

அம்மா நல்லவள்தான். "சாப்பிடு, குளி, எல்லாம் சரியாயிடும்" என்கிறாள். விடியாமலே இருந்தால் தேவலை என்று சில நாள் தோன்றுகிறது. இதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன். உனக்குத்தான் புரியும் என்பதுகூட எனக்குக் கோபமாக வருகிறது. கோபப்படவும் தெம்பில்லை.


மே 19

சில்வண்டுக்கு,

பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தேன். உன்னுடன் இருந்த இரண்டு வாரத்துக்கும் சம்பளம் பிடிப்பார்களாம், பிடித்துக்கொள்ளட்டும். தொலைந்த குடைகள் எங்கும் ஓடிப்போய்விடவில்லை.

நீ நேரில் கேட்டாய், நான் அப்போது பதில் சொல்லவில்லை. உன் கடிதத்தைப் படித்ததும் பயந்தாயா என்று. ஆமாம். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன். நீ அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்னமும் நினைத்துப் பார்க்கிறேன். இனி எப்போது அப்படித் தோன்றினாலும் எழுதிக்கொண்டிருக்காதே, எந்த வேளையானாலும் கூப்பிடு, அம்மாவை எழுப்பு, டாக்டரிடம் ஓடு.

இந்தக் கடிதம் எழுதுவது வேறு ஒரு ஆத்திரத்தில். உங்கள் ஊர் டாக்டர் உன்னிடம் ஒரு மணி நேரம் பேசி, என்னிடம் கேட்டு, அம்மாவிடம் கேட்டு, பழைய கதையெல்லாம் தோண்டி, கடைசியில் இரண்டாம் வகை என்று சொன்னார். நீ முகத்தை மூடிக்கொண்டு அழுதாய். வெளியே வந்ததும் அம்மா என்ன சொன்னாள், கேட்டாயா? "ரெண்டாவதுதானே, மொதலாவது இல்லையே. லேசாதான் வந்திருக்கு."

பரிசு கொடுக்கிறார்களா, முதலாவது இரண்டாவது என்று? என்னவோ எனக்குப் பெரிய பங்கும் உனக்குச் சின்னப் பங்கும் வைத்த மாதிரி. நான் பறந்தது மொத்தம் சில வாரம். நீ அந்தக் கட்டிலில் கிடந்தது எத்தனை மாதம் என்று அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். சத்தம் போட்டு வந்தால்தான் இந்த வீட்டில் வியாதி. சத்தமில்லாமல் வந்தால் சோம்பல். அம்மாவிடம் சண்டை போட்டுவிட்டுத்தான் ரயில் ஏறினேன், அது உனக்குத் தெரியாது. தெரிந்துகொள்.

புது மாத்திரை மெதுவாகத்தான் பிடிக்கும், அவசரப்படாதே. ஜூன் கூட்டத்துக்கு நீ வர வேண்டாம். இந்த நிலையில் உன்னை அந்த மேசை முன்னால் நிறுத்த மாட்டேன். ஸ்டீயரிங் வந்தால் வரட்டும்.

அக்கா


ஜூன் 18

சில்வண்டு,

எல்லாம் போச்சு. என் வாயாலேயே கெடுத்துக்கொண்டேன். உன்னைப் பார்க்க முகமில்லாமல் டிப்போவின் பின்வாசல் வழியாக வெளியேறி நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டேன். நீ தேடியிருப்பாய். பிறகு ரயிலுக்கு நேரமாகிக் கிளம்பியிருப்பாய்.

வர வேண்டாம் என்று எழுதியும் முதல் நாளே வந்து என் வீட்டு வாசலில் நின்றாய். குழு முன்னால் உட்கார்ந்து, "போன தடவ நான் அக்காவப் பத்திச் சொல்லல சார். என்னப் பத்திதான் சொன்னேன். அப்ப அது எனக்கே தெரியாது. எனக்கு ரெண்டாம் வகை" என்றாய். ஒட்டுறவு இல்லாத நான்கு பேர் முன்னால். என் சில்வண்டு.

அதற்கு அந்த டிப்போ டாக்டர், தலையைக்கூட நிமிர்த்தாமல், "ரெண்டாம் வகையா, அது லேசானதும்மா. மாத்திரையப் போட்டுட்டு வேலையப் பாருங்க. உங்க அக்காவோடதுதான் சீரியஸ்" என்றார்.

ஒரு வருடமாக அடக்கி வைத்திருந்தது அத்தனையும் எழுந்து வந்துவிட்டது. என்னை எது வேண்டுமானாலும் சொல்லட்டும், உட்கார்ந்து கேட்பேன். "லேசா? யாருக்கு சார் லேசு? எந்திரிச்சு முகம் கழுவ முடியாம கெடந்தா சார் இவ. விடியவே வேணாம்னு எழுதினா. படிச்சது நான். அத லேசுன்னு சொல்ல உங்களுக்கு யாரு கத்துக் கொடுத்தது?" மேசையில் அடித்தேன். தண்ணீர் டம்ளர் உருண்டு அவர் காகிதமெல்லாம் நனைந்தது. கைக்குட்டையால் துடைத்துக் கொடுத்தேன், துடைத்துக்கொண்டேயும் கத்தினேன். வெளியே இருங்கள் என்றார்கள்.

அவர்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. தகுதி பார்க்கிற இடத்திலேயே நான் மேசையைத் தட்டிவிட்டேன். இனி ஆயுளுக்கும் குடைதான். ஆனால் ஒன்று, சொன்னதற்கு வருத்தப்படவில்லை. அதை மட்டும் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

அக்கா


ஜூன் 21

அக்காவுக்கு,

நீ பாட்டுக்குப் போய்விட்டாய். அதற்குப் பிறகு உள்ளே நடந்தது உனக்குத் தெரியாது. நிதானமாக எழுதுகிறேன், இப்போது என்னால் நிதானமாக எழுத முடிகிறது.

கதவு மூடியதும் மேனேஜர் எல்லோரையும் பார்த்து, "பாத்தீங்களா, இதத்தான் நான் சொன்னேன்" என்றார். டிப்போ டாக்டர் நனைந்த காகிதத்தை உதறிக்கொண்டே என்னிடம், "ஆரம்பிச்சிடுச்சா?" என்று கேட்டார்.

"இல்ல சார். இது கோபம்" என்றேன்.

ஓரத்தில் ஒரு டாக்டரம்மா உட்கார்ந்திருந்தாரே, இந்தத் தடவை மனநலத்துக்கென்று வெளியிலிருந்து புதிதாக வந்தவர், அவர் அப்போதுதான் நிமிர்ந்தார். "எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டார். மடக்குவதற்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டார். அதனால் எனக்குப் பேச்சு வந்தது.

"ரெண்டையும் பாத்தவ நான். அவளுக்கு மேனியா வந்தப்ப யாரையும் திட்டலம்மா. எல்லாரையும் கட்டிப்புடிச்சா. வந்திருந்தா இந்த சாருக்கு இப்ப முத்தம் கொடுத்திருப்பா. நேத்து நான் அவ வீட்லதான் தங்கினேன். படுத்த உடனே தூங்கிட்டா, அவ கொறட்டையில எனக்குத்தான் தூக்கம் போச்சு. இன்னிக்குக் கோபம் வந்துச்சு. அதுக்குக் காரணம் இருந்துச்சு. தண்ணியத் தொடச்சா. வெளிய போன்னீங்க, போயிட்டா. அவ்வளவுதாம்மா."

மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விடவில்லை. "இவங்க எல்லாரும் டெய்லி கத்துறாங்க. டிப்போவுக்குள்ள வரும்போதே ரெண்டு டிரைவர் கட்டிப்புரண்டு சண்ட போட்டாங்க, பாத்தேன். அவங்களுக்கு எந்தக் குழு?" என்று கேட்டேன். டிப்போ டாக்டரிடமும் சொன்னேன், "நீங்க சொன்னதுக்கு எனக்கும்தான் சார் கோபம். எனக்குத் தட்டத் தெம்பு இல்ல, அவ தட்டிட்டா." டாக்டரம்மா அவரிடம், லேசான வகை என்று ஒன்று கிடையாது, பள்ளத்தில் விழுகிறவருக்கு அது தெரியும் என்று மெதுவாகச் சொன்னார். அவர் காது சிவந்தது. எனக்குப் பரம திருப்தி.

முடிவைத் தபாலில் சொல்வார்களாம். எனக்கு ஒரு புது எரிச்சல். இங்கே ஹோட்டலில் நானாகவே மேலாளரிடம் உண்மையைச் சொன்னேன், முதுகுவலி சொல்லி அலுத்துவிட்டது. அவர் பாவமாகப் பார்த்துவிட்டு, மாத்திரை பிடிக்கும் வரை வேன் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்னதைச் சாக்காக வைத்து, மேற்பார்வையையும் வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டார். தலையணை உறை மடிக்கும் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். சாவி போனது நியாயம். மேற்பார்வை ஏன் போனது? நீ குடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து எப்படி இருந்திருப்பாய் என்று இப்போது தெரிகிறது. பிப்ரவரியில் நான் அதைத் தெரியாமல் பேசிவிட்டேன்.

சில்வண்டு


ஜூலை 24

சில்வண்டுக்கு,

மேற்பார்வை ஏன் போனது என்று வாயால் கேட்காதே, எழுதிக் கேள். எழுத்தில் பதில் வாங்கு. உங்கள் டாக்டரிடம், வேன் ஓட்டத்தான் கூடாது, வேலை பார்க்கலாம் என்று ஒரு சீட்டு வாங்கிக்கொள். அவர்கள் குழு கூட்டினால் கூடப்பிறந்தவள் வருவேன், உன் மேலாளருக்கு முன்கூட்டியே சொல்லிவை, மேசையில் தண்ணீர் வைக்க வேண்டாம் என்று.

உத்தரவு வந்தது. திங்கட்கிழமை முதல் பஸ் எடுத்துவிட்டேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை டாக்டரிடம் காட்ட வேண்டும், இரவு வண்டி கிடையாது, தூக்கம் கெட்டால் நானே சொல்லிவிட வேண்டும். இதெல்லாம் எனக்குச் சம்மதம்தான், ஏரிக்கரை எனக்கும் தெரியும். டிப்போ டாக்டர் கையெழுத்துப் போடும்போது தலை நிமிரவே இல்லை.

முதல் நாள் நடந்ததைக் கேள். மாலையில் ஒருவர், போனில் பேசிக்கொண்டே மணி அடிக்காமல் தன் நிறுத்தத்தைத் தவறவிட்டுவிட்டு, என் சீட்டுக்குப் பின்னால் வந்து நின்று கத்தினார். "ஏம்மா, பைத்தியமா உனக்கு?"

பஸ் நிறைய ஆட்கள். ஒன்றரை வருடமாக அந்தச் சொல்லை என் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்கள், பாவம் என்றார்கள். இந்த மனிதருக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஊரில் எல்லா டிரைவர்களையும் கேட்கிற மாதிரியே என்னையும் கேட்டார்.

"மணி அடிக்காம போன்ல கொஞ்சிட்டு வந்தது நீங்க. பைத்தியம் எனக்கா?" என்று வண்டியே திரும்பிப் பார்க்கும்படி திட்டினேன். அவரும் விடவில்லை, நானும் விடவில்லை. அடுத்த நிறுத்தத்தில் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார். நான் கதவை மூடிவிட்டு வண்டியை எடுத்தேன்.

அக்கா